வைகைக் கரையில் ஒரு ராத்திரி, டியூபில் ஒரு பகல்: மதுரையிலிருந்து எப்படித் திட்டமிடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மதுரையிலிருந்து நான்கு குடும்பங்கள். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஐந்து பேர், கூடவே உங்கள் அம்மா. ஒரு சனி, ஞாயிறு. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க வேண்டும். டெக்சாஸில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய வீடியோவில் பார்த்ததுபோல, காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து வர வேண்டும். எங்கே போவது, எந்த மாதம், என்னென்ன வாங்குவது, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாமா, அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நன்றாகவே முடியும். ஆனால் திட்டம் போடுகிற வரிசையை மாற்ற வேண்டும். தேதி குறித்து, லீவு சொல்லி, வேன் பேசி, கடைசியில் ஆற்றைப் போய்ப் பார்ப்பது நம் பக்கத்து ஆறுகளுக்கு ஒத்துவராது. முதலில் தண்ணீர், அப்புறம் இடம், அதற்கப்புறம்தான் தேதி. இரண்டு மூன்று வார இறுதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் தண்ணீர் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதில் கிளம்புங்கள்.

வீடியோவில் இருப்பது டெக்சாஸின் குவாதலூப்பே ஆறு என்று எழுதியிருந்தீர்கள். அங்கே டியூப் மிதவை பெரிய தொழில். டியூபை வாடகைக்குக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி மேல்பக்கம் இறக்கிவிட்டு, கீழே வந்து கூட்டிப் போவார்கள். ஆனால் அவர்களும் மேலே கேன்யன் அணையிலிருந்து வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று பார்த்துத்தான் ஆட்களை இறக்குகிறார்கள். அளவு மிஞ்சினால் கடையைச் சாத்திவிடுவார்கள். அதே ஆற்றின் மேற்பகுதியில் 2025 ஜூலை 4 அதிகாலையில் நடந்தது உங்கள் மைத்துனருக்கும் தெரிந்திருக்கும். மலைப்பக்கம் கொட்டிய மழையில் முக்கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் ஏறக்குறைய 26 அடி உயர்ந்தது. கரையோர முகாம்களில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட, அந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மிதக்கிற இடத்திலேயே தூங்கக் கூடாது என்ற விதியை ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவுகளும் சுலபமாகிவிடும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது நம் தண்ணீருக்கு வருவோம். மதுரையைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி யாரோ ஒருவர் மதகைத் திறந்ததால் ஓடுவது. 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் தேக்கடி சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கப்பட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வந்து வைகையோடு சேர்கிறது. வருசநாட்டு மலையிலிருந்து மூல வைகை தனியாக வருகிறது. இரண்டும் ஆண்டிபட்டி பக்கத்தில் 1959ல் திறந்த வைகை அணையில் போய் நிற்கின்றன. அணையிலிருந்து விடுகிற தண்ணீர் பேரணை என்ற தடுப்பணைக்கு வந்து, அங்கே பெரியாறு பிரதானக் கால்வாய் தன் பங்கை வாங்கிக்கொள்ள, மீதி குருவித்துறை, சோழவந்தான், திருவேடகம் வழியாக மதுரைக்கு வருகிறது. திருவேடகம் ஞானசம்பந்தரின் ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிய தலம் என்று பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். நம் டியூப் அப்படி ஏறாது. எங்கே கரையேறப் போகிறோம் என்று தெரியாமல் இறங்கவே கூடாது.

பேப்பரில் தினமும் வருகிற அணை நிலவரத்தை, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே படிக்கத் தொடங்குங்கள். பெரியாறு அணையின் நீர்மட்டம், அங்கிருந்து தமிழகத்துக்கு எடுக்கும் அளவு, வைகை நீர்மட்டம், வைகையிலிருந்து வெளியேறும் அளவு, இந்த நான்கும் போதும். பெரியாறில் இப்போது அனுமதிக்கப்பட்ட மட்டம் 142 அடி. வைகையின் முழு உயரம் 71 அடி. வைகை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. 66 என்ற செய்தி வந்துவிட்டால் அணைக்குக் கீழே இறங்குகிற எண்ணத்தை அந்த வாரத்துக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் உபரி நீர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

வெளியேற்றத்தையும் புரிந்து படிக்க வேண்டும். மதுரை, ஆண்டிபட்டி, சேடபட்டி குடிநீருக்காக மட்டும் 69 கன அடி என்று போட்டிருந்தால், அகலமான மணல் ஆற்றில் அது கணுக்கால் தண்ணீர். டியூப் தரை தட்டி நிற்கும். பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்துக்கு 900 கன அடி அளவில் விடும்போது அணைக்கும் பேரணைக்கும் நடுவில் ஆறு உயிரோடு இருக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்கள் இடம் பார்த்து இறங்கலாம். பேரணைக்குக் கீழே அந்தத் தண்ணீரில் கொஞ்சம்தான் வரும். சிவகங்கை, ராமநாதபுரம் பூர்வீகப் பாசனத்துக்கு ஆயிரக்கணக்கான கன அடி திறக்கிற நாட்களில் ஆறு கரைக்குக் கரை போகும். அப்போது ஆற்றுக்குள் இறங்கவோ கடக்கவோ கூடாது என்று வருவாய்த்துறையும் போலீசும் அறிவிப்பார்கள். அணையில் திறந்த தண்ணீர் மதுரைக்கு வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். மணல் காய்ந்து கிடந்தால் இன்னும் தாமதமாகும். நீங்கள் இறங்குகிறபோது அமைதியாக இருக்கிற ஆறு, நேற்றுத் திறந்த மதகால் சாயங்காலம் மாறலாம் என்பதை மறக்காதீர்கள்.

முல்லைப் பெரியாற்றுப் பக்கம் கணக்கு வேறு. அங்கே தண்ணீர் லோயர் கேம்ப் மின் நிலையத்து இயந்திரங்களோடு ஏறி இறங்கும். ஒரு இயந்திரம் கூடுதலாக ஓடத் தொடங்கினாலே கீழே மட்டம் உயரும். மழையே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே இது நடக்கும். அதனால் பேப்பர் செய்தி மட்டும் போதாது, உள்ளூர் ஆள் வேண்டும். அந்தந்த ஊரில் நீர்வளத்துறை லஸ்கர் இருப்பார். மதகைத் திறந்து மூடுகிறவர், தண்ணீர் முறை எப்போது மாறும் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். டீக்கடையில் விசாரித்தால் காட்டிவிடுவார்கள். "அண்ணே, நாளைக்குக் காலைல தண்ணி கூடுமா, குறையுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்த மொபைல் ஆப்பும் சொல்லாததை அவர் சொல்வார்.

மாதம் எது? என் விருப்பம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை அடங்கியிருக்கும், வெள்ள அபாயம் குறைந்திருக்கும், பாசனத் தண்ணீர் பல வருடங்களில் ஓடிக்கொண்டிருக்கும், வெயிலும் கொல்லாது. காணும் பொங்கல் கூட்டத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். பங்குனி, சித்திரையில் வைகை பெரும்பாலும் மணல். அழகர் இறங்குவதற்காகத் திறக்கிற தண்ணீரை நம்பித் திட்டம் போடாதீர்கள், அந்தக் கூட்டத்தில் டியூபுக்கு இடமில்லை. ஜூன் மாதம் கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். அங்கே ஆறு அழகாக ஓடும். ஆனால் ஆனி, ஆடியில் தேனிப் பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். ஆண்டிபட்டி வழியில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. லேசான கூடாரத்தை அது ஒரே இரவில் கிழித்துவிடும்.

இடங்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுகிறேன். மதுரை நகருக்குள் வைகை கூடாது: சாக்கடை, ஆகாயத்தாமரை, உடைந்த கண்ணாடி. எலிக்காய்ச்சல் வருகிற தண்ணீர் அது. வைகை அணைப் பூங்கா பகலில் சுற்றிப்பார்க்க, பிள்ளைகள் ஓடியாட அருமையான இடம். கூடாரம் போடுகிற இடமல்ல. கும்பக்கரை வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, முழுக்க வழுக்குப் பாறை, ஆழமான கசங்கள் (நீர்க்குழிகள்); குளித்துவிட்டு வரலாம், டியூப் மிதக்க ஓட்டம் கிடையாது. சுருளி அருவி யானை நடமாட்டமுள்ள காடு; 2021ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஒரு ராத்திரி தங்குவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேரை இழந்த மாவட்டம் தேனி. வனத்துறை அங்கே கண்டிப்பாக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பாசனக் கால்வாயில் டியூப் விடாதீர்கள். பெரியாறு பிரதானக் கால்வாயைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சீரான தண்ணீர், முள் இல்லை, கல் இல்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சிமெண்டுக் கரை சரிவாக, பாசி படிந்து கிடக்கும்; பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. தண்ணீர் நாம் நினைப்பதைவிட வேகமாக இழுக்கும். போகிற வழியில் மதகு, குறுக்கே பாலத்தடி, சில இடங்களில் தண்ணீர் தரைக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுகிற குழாய். நீச்சல் நன்றாகத் தெரிந்த இளைஞர்களே அங்கே உயிரை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது தடுப்பணை. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அங்கே குளிக்கிறார்கள், பார்க்கக் குழந்தை விளையாட்டு போலிருக்கும். தடுப்பணைக்கு மேல் வழிந்து விழுகிற தண்ணீர் அடியில் போய், திரும்ப அணையை நோக்கியே மேலெழுந்து சுற்றும். அந்தச் சுழற்சிக்குள் போன ஆளைத் தண்ணீர் வெளியே தள்ளாது. திரும்பத் திரும்ப அணையடிக்கே இழுத்துவரும். டியூபும் அங்கேயே சுற்றும். இடுப்பளவு உயரமுள்ள தடுப்பணையிலும் தண்ணீர் கூடினால் இது நடக்கும். அதனால் உங்கள் மிதவைப் பாதையில் எந்தத் தடுப்பணையும் குறுக்கே வரக் கூடாது. கீழே ஒன்று இருந்தால், அதற்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே கரையேறிவிட வேண்டும்.

அப்படியென்றால் எங்கே? என் முதல் தேர்வு உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் இடைப்பட்ட முல்லைப் பெரியாற்றங்கரை. தென்னையும் வாழையும் நெல்லும் ஆற்றை ஒட்டியே வருகின்றன, தண்ணீர் சுத்தம், நிழல் நிறைய. மதுரையிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். தடுப்பணைகளும் கால்வாய் பிரிகிற இடங்களும் நிறைய என்பதால் இரண்டு தடைகளுக்கு நடுவில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் நீளமான ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது தேர்வு வைகை அணைக்கும் அணைப்பட்டிக்கும் இடையில், பாசனத் தண்ணீர் விடுகிற சமயத்தில். இங்கே ஆறு அகலம். வேகம் மிதமாக இருக்கும், ஆனால் மணல் அள்ளிய குழிகள் இருக்கலாம். பக்கத்திலிருக்கும் சோழவந்தானும் குருவித்துறையும் தங்குவதற்கு ரொம்பப் பிடித்த இடங்கள். வெற்றிலைக் கொடிக்கால், தென்னந்தோப்பு, ஆற்றைப் பார்த்த பழைய கோயில்கள். மதுரைக்கு வெகு பக்கம் என்பதால் யாருக்காவது முடியாமல் போனால் திரும்புவதும் சுலபம். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் தோப்பில் ஒரு ராத்திரி வீண்போகாது.

கூடாரத்தை ஆற்று மணலில் போடாதீர்கள், ஆற்றுத்திட்டில் வேண்டவே வேண்டாம். தோப்புக்காரர் ஒருவரின் அனுமதியோடு, கரைக்கு மேலே, பழைய வெள்ளம் ஏறிய கோட்டுக்கும் மேலே போடுங்கள். அந்தக் கோடு எங்கே என்று மரங்களே காட்டும்: கிளைகளில், வேலியில் மாட்டிக்கொண்டிருக்கும் சருகும் பாலிதீனும் எந்த உயரம் வரை என்று பாருங்கள். உறவில், ஆபீசில், கடைத்தெருவில் விசாரித்தால் ஆற்றோரம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் அகப்படுவார். முன்கூட்டியே ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். எத்தனை பேர், பெண்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள், குடி கிடையாது, அடுப்பு எங்கே மூட்டுவோம், எப்போது கிளம்புவோம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். காவலுக்கு இருக்கும் ஆளுக்கும் சாப்பாடும் கைச்செலவும் உண்டு என்பதையும் சொல்லுங்கள். ஊர்த்தலைவருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஒரு வார்த்தை போட்டுவைத்தால் நடுராத்திரியில் டார்ச் அடித்துக் கேள்வி கேட்க யாரும் வரமாட்டார்கள்.

தோப்பு என்றதும் தென்னைக்கு அடியில் போடத் தோன்றும். கூடாது. முற்றிய தேங்காயும் காய்ந்த மட்டையும் காற்று இல்லாமலேயே விழும். மாமரம், புளியமரம், அல்லது தோப்பு நடுவில் இருக்கிற களம் நல்லது. வரப்பு ஓரமும் வைக்கோல் படப்பு ஓரமும் வேண்டாம். எலி இருக்கும், எலியைத் தேடி வருவதும் இருக்கும். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள், செருப்பையும் ஷூவையும் உள்ளேயே வைத்துக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் யாரும் ஒன்றுக்குக்கூடப் போகக் கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை. தேனிப் பக்கம் என்றால் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சோழவந்தான் பக்கம் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனை. போகிற வழியை முதல் நாள் பகலிலேயே டிரைவரைப் பார்த்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கழிப்பறையை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, அங்கே போனபிறகு பெண்கள்தான் அவதிப்படுகிறார்கள். தோப்பு வீட்டில் கழிப்பறை இருந்தால் மட்டுமே அந்த இடத்தை எடுங்கள். ஆற்றங்கரையை அதற்குப் பயன்படுத்தினால் கீழே குளிக்கிற ஊருக்குச் செய்கிற துரோகம் அது.

இனி டியூப். நீச்சல்குளத்துக்கு விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் வளையம் கருவேல முள்ளுக்கு ஒரு நிமிடம் தாங்காது. வேண்டியது லாரியின் உள் டியூப். 20 அங்குல ரிம்முக்கானது பெரியவர் ஒருவர் உட்காரச் சரியாக இருக்கும். டிராக்டரின் பின்சக்கர டியூப் இன்னும் பெரிது. டியூப்லெஸ் டயர் வந்தபிறகு முன்போல எங்கும் கிடைப்பதில்லை. பழைய லாரி ஸ்பேர் கடைகளிலும் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளிலும் விசாரியுங்கள். பஞ்சர் ஒட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு ராத்திரி காற்றடைத்து வைத்துப் பார்த்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள். வால்வு நீட்டிக்கொண்டிருக்கும், தொடையைக் கிழித்துவிடும்; அதை உள்பக்கமாக மடக்கிப் பழைய துணியைச் சுற்றி ரப்பர் பட்டையால் கட்டுங்கள். நடு ஓட்டையில் நைலான் கயிற்றை வலையாகப் பின்னிவிட்டால் உட்கார வசதி, கல்லிலும் அடிபடாது. காற்றை முழுக்க அடிக்காதீர்கள். கறுப்பு ரப்பர் வெயிலில் சூடேறி உள்ளே காற்று விரியும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும்.

டியூப் என்பது உட்கார மட்டும்தான். உயிரைக் காப்பது லைஃப் ஜாக்கெட். கவிழ்ந்த அடுத்த நொடி டியூப் லேசாக இருப்பதால் முன்னால் ஓடிவிடும், ஆள் பின்னால் நிற்பார். அதனால் மிதக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் எடைக்கேற்ற ஜாக்கெட், நீச்சல் தெரிந்தவருக்கும் சேர்த்து. பிள்ளைகளுக்கு வாங்கினால் கால்களுக்கு நடுவில் வார் உள்ளதாக வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வந்துவிடும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கூடாரத்தில் குறையுங்கள், சாப்பாட்டில் குறையுங்கள், இதில் கைவைக்காதீர்கள். காலுக்குப் பின்வார் உள்ள பழைய சாண்டல் போதும். வெறுங்காலும் ஹவாய் செருப்பும் உதவாது.

இறங்குவதற்கு முன்னால் முழுப் பாதையையும் கரையோரமாகவே நடந்து பாருங்கள். சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் மரம், சீமைக்கருவேலப் புதர், பாலத்தூண், பழைய இரும்புக் கம்பி, குடிநீருக்காக ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறு, அதைச் சுற்றிச் சுழிக்கிற தண்ணீர், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளை வழியாகத் தண்ணீர் போய்விடும், மனிதர் மாட்டிக்கொள்வார். அப்படி ஒரு மரம் ஓட்டத்தின் நடுவில் இருந்தால் அந்தத் துண்டையே விட்டுவிடுங்கள். ஊர்க்காரர்களிடம் கசம் எங்கே என்று கேளுங்கள். எந்தப் படித்துறையில் யார் மூழ்கிப் போனார், எந்த வருடம் என்பது வரை சொல்வார்கள். அவர்கள் இறங்காதே என்று சொன்ன இடத்தில் எதற்காகவும் இறங்கக் கூடாது.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு காய்ந்த குச்சியை ஓட்டத்தின் நடுவில் போட்டு, கரையில் அதோடு நடங்கள். சாவகாசமாக நடந்து கூடவே போக முடிந்தால் நல்ல ஓட்டம். எட்டி நடக்க வேண்டியிருந்தால் நீச்சல் தெரிந்த பெரியவர்கள் மட்டும். ஓட வேண்டியிருந்தால் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீர் விளிம்பில் ஒரு கம்பை நட்டு, மட்டம் இருக்கும் இடத்தில் அடையாளம் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். மட்டம் ஏறினால், தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் நுரையும் கூட்டமாக வந்தால், ஆற்றின் சத்தம் கனத்தால், கேள்வி கேட்காமல் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேகமலையிலோ வருசநாட்டிலோ மழை கொட்டிக்கொண்டிருக்கலாம்.

மிதக்கிற நேரம் ஞாயிறு காலை எட்டிலிருந்து பதினொன்று. சனிக்கிழமை சாயங்காலமே, போய்ச் சேர்ந்த களைப்போடு இறங்க வேண்டாம். ஒரு தடவைக்கு நான்கு பேர்; நீச்சல் நன்றாகத் தெரிந்தவர் கடைசி டியூபில் வர வேண்டும். கரையேறும் இடத்தில் சிவப்புப் புடவைத் துணியை மரத்தில் கட்டி, இரண்டு பெரியவர்கள் கயிற்றோடு நிற்க வேண்டும். இருபது மீட்டர் நைலான் கயிறு, அதன் நுனியில் கால்பங்கு தண்ணீர் ஊற்றிய ஐந்து லிட்டர் கேன். அது நன்றாகத் தூரம் போய் விழும், மிதக்கவும் செய்யும். முதல் நாளே தரையில் எறிந்து பழகுங்கள். தண்ணீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதால்தான் நம் ஊரில் ஒரு சாவு மூன்று சாவாகிறது. கயிறு, கம்பு, புடவை, எதையாவது நீட்டுங்கள், குதிக்காதீர்கள்.

டியூபோடு உடம்பைக் கட்டக் கூடாது. டியூப்களை ஒன்றோடு ஒன்று கட்டுவதும் வேண்டாம். வீடியோவில் கூட்டமாகக் கட்டிப் போவார்கள், நம் ஆற்றுத் தூண்களிலும் புதர்களிலும் அந்தக் கயிறு மாட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து சிக்குவீர்கள். கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, மிதந்தபடியே கரைப்பக்கம் கையால் தள்ளி வர வேண்டும். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் கால் சிக்கினால் முழங்காலளவுத் தண்ணீரே ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். இதை ஆண்கள் பெண்கள் எல்லாருக்கும் கரையில் படுக்கவைத்துச் செய்துகாட்டுங்கள். குடித்த ஆள் யாரும் ஆற்றுப்பக்கமே வரக் கூடாது. இதில் மாமனார், மச்சான் என்று முகத்தாட்சணியம் பார்க்காதீர்கள்.

பிள்ளைகள்: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஓட்டத்தில் மிதக்க விட வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அவர்களுக்குக் கரையோரம் முழங்காலுக்குக் குறைந்த, ஓட்டமில்லாத மணல் தண்ணீர் போதும். ஜாக்கெட் போட்டு, ஆளுக்கொரு பெரியவர், அதுவும் கீழ்ப்பக்கம் நின்றுகொண்டு. அதைவிட அவர்களுக்குப் பிடிக்கப்போவது தோப்பின் பம்புசெட் தொட்டி. மோட்டார் தண்ணீர் கொட்ட, சின்ன மோட்டார் சைக்கிள் டியூபில் மிதக்க விட்டால் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார்கள். அதுவும் பெரியவர் கண்பார்வையில்தான். தோப்பில் மூடாத கிணறு இருந்தால் முதலில் அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள்.

சாப்பாட்டை எளிமையாக வையுங்கள். முதல் நாள் மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து புளியோதரை, அவித்த முட்டை. ராத்திரிக்கு மூன்று கல் அடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும். சமைக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும், மற்றவர்கள் வெங்காயம் உரிக்கட்டும். சுற்றிலும் சருகைப் பெருக்கி, இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டுங்கள். படுக்கப் போகும்முன் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பாருங்கள். தைப் பனிக்கு விடியற்காலையில் சுக்குக் காபி. ஞாயிறு திரும்பும்போது வைகை அணை வழியாக வந்தால் அணை மீன் வாங்கிக்கொள்ளலாம். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், கேன் தண்ணீர் கொண்டுபோங்கள். தட்டுக்குப் பதில் தோப்புக்காரரிடமே வாழையிலை கேளுங்கள். பிளாஸ்டிக்கை ஒரு சாக்கில் கட்டி மதுரைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். சாம்பு, சோப்பு ஆற்றில் வேண்டாம்.

கடைசியாக உங்கள் அம்மா. தாராளமாகக் கூட்டிப் போங்கள். தரையில் படுக்க வைக்காதீர்கள். தோப்பு வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கும், அதைக் களத்தில் போட்டுக் கொசுவலை கட்டிக் கொடுங்கள். மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒன்று நனைந்தாலும் இன்னொன்று இருக்கும். பனிக்குக் காது மூட ஒரு மப்ளர். மிதக்கிற நேரத்தில் கரைமேட்டில் நிழல் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, நீங்கள் நட்ட கம்பைப் பார்க்கிற பொறுப்பை அவரிடம் கொடுங்கள். கையில் ஒரு விசில். தண்ணீர் அந்த அடையாளத்தைத் தாண்டினால் அவர் ஊத வேண்டும். ஊதினால் தண்ணீரில் இருக்கிற எல்லாரும் மறுபேச்சில்லாமல் கரையேற வேண்டும்.